தொல்குடி மரபறிவும் மேற்கத்திய அறிவியலும் ஒரே ஆய்வில்: எங்கிருந்து தொடங்குவது?

சூழலியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கவிருக்கும் மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். தொல்குடி மக்களின் மரபறிவை அறிவியல் முறையில் சரிபார்த்த பிறகுதான் ஆய்வில் பயன்படுத்த வேண்டுமா? மரபறிவும் அறிவியலும் முரண்பட்டால் எதை ஏற்பது? நடைமுறையில் வேலையை எங்கிருந்து தொடங்குவது? மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் மூன்றுக்கும் அடியில், கேட்பவரே கவனித்திராத ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. மரபறிவு என்பது முதியவர்களிடமிருந்து திரட்டிக்கொண்டு வரவேண்டிய மூலப்பொருள், அதை அறிவாக மாற்றித் தருவது ஆய்வுக்கூடம் என்பதே அந்த எண்ணம். இப்படித் தொடங்கிய ஆய்வுத் திட்டங்கள், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், பாதி வழியில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் கேள்விகளுக்கு நேரடியாகப் போவதற்கு முன்னால் ஒரு நிகழ்வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1977-இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம், அலாஸ்காவின் வடகரையில் வாழும் இன்யுபியாட் மக்களின் போஹெட் திமிங்கில வேட்டைக்குத் தடை விதித்தது. எஞ்சியிருப்பவை 600 முதல் 1,800 வரைதான் என்பது அன்றைய கணிப்பு. கணக்கெடுத்த முறை எளிமையானது. வசந்த காலத்தில் கடற்பனி பிளந்து கரையை ஒட்டி ஒரு நீர்ப்பாதை திறக்கும்; அதன் விளிம்பில் நின்று, கடந்து செல்லும் திமிங்கிலங்களைக் கண்ணால் பார்த்து எண்ணினார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இரண்டு ஊகங்கள் இருந்தன: திமிங்கிலங்கள் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே கடந்து போகின்றன என்பது ஒன்று; பனி மூடிக்கொண்டால் அவற்றின் பயணம் நின்றுவிடும் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்று வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். போஹெட் பனிக்கு அஞ்சும் விலங்கு அன்று, தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சு வாங்கிக்கொண்டு அடியிலேயே நீந்திச் செல்லும், கரையிலிருந்து வெகு தொலைவிலும் பரவலாகப் பயணம் செய்யும், பாதை மூடிய நாட்களிலும் அது நிற்பதில்லை என்பது அவர்கள் கூற்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் கற்க வேண்டியது. அந்த மக்கள் தங்களுக்கென்று ஒரு திமிங்கில ஆணையத்தை அமைத்துக்கொண்டார்கள். அவர்களின் உள்ளாட்சி அமைப்பு அறிவியலாளர்களை வேலைக்கு அமர்த்தியது. வேட்டைக்காரர்கள் சொன்னதை நம்புவதா கூடாதா என்ற விவாதத்திலேயே நிற்காமல், அவர்கள் சொன்னபடியே கருவிகளின் இடத்தை மாற்றினார்கள். பனிக்கு அடியில் நீரொலி வாங்கிகள் இறக்கப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத தொலைவிலிருந்தும், பாதை மூடிக் கிடந்த நாட்களிலும் திமிங்கிலங்களின் குரல்கள் பதிவாயின. வான்வழிக் கணக்கெடுப்பும் சேர்ந்துகொண்டது. 2001-இன் மதிப்பீடு 10,000-ஐத் தாண்டியது. 2011-இல் அது ஏறத்தாழ 17,000. இந்த உயர்வில் ஒரு பகுதி உண்மையான இனப்பெருக்கத்தால் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தொடக்கக் கணக்கு அவ்வளவு குறைவாக இருந்ததற்குக் காரணம், எண்ணியவர்கள் பார்க்கத் தெரியாத இடங்களில் திமிங்கிலங்கள் இருந்ததுதான்.

இதே திமிங்கிலத்தின் ஆயுளைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அது மனித ஆயுளைப்போல் இரு மடங்கு வாழும் என்று இன்யுபியாட் முதியவர்கள் சொல்வது வழக்கம். அதை அழகான உவமையாக எடுத்துக்கொண்டவர்களே அதிகம். 1980-களிலிருந்து, வேட்டையாடப்பட்ட சில திமிங்கிலங்களின் உடலுக்குள் கல்லால் ஆன பழைய எறியீட்டி முனைகள் கிடைத்தன; அத்தகைய கல்முனைகளின் புழக்கம் 19-ஆம் நூற்றாண்டோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது. பிறகு கண்வில்லையில் உள்ள அஸ்பார்ட்டிக் அமிலத்தின் மாற்றத்தை அளந்து வயதைக் கணித்த ஆய்வு 1999-இல் வெளியானபோது, ஒரு திமிங்கிலத்தின் வயது 211 என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அந்த முறையில் பிழை வரம்பு கணிசமானது என்றாலும், நூறாண்டைக் கடந்தவை அவற்றில் இருந்தன என்பது உறுதியாயிற்று. முதியவர்களின் சொல் உவமையாக இருக்கவில்லை.

இதிலிருந்து, "பார்த்தீர்களா, மரபறிவை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது" என்ற முடிவுக்குத்தான் பலரும் வருகிறார்கள். நான் அந்த இடத்தில் நிற்க மாட்டேன். வேட்டைக்காரர்கள் சொன்னது நீரொலி வாங்கி இறக்கப்பட்ட நாளில் உண்மையாகிவிடவில்லை. அதற்கு முன்பே உண்மையாகத்தான் இருந்தது. கருவி வந்ததும் மாறியது, அந்த உண்மையை யார் காதில் போட்டுக்கொண்டார்கள் என்பது மட்டுமே. அதைவிட முக்கியம், அறிவியல் அங்கே தீர்ப்பளிக்கும் நடுவராக அமரவில்லை என்பது. எதை அளக்க வேண்டும், எங்கே அளக்க வேண்டும் என்ற கேள்வியே வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தது. இரண்டு அறிவுகளும் சேரும் இடம் ஆய்வின் கடைசி அத்தியாயம் என்று நினைக்கிறோம். அவை சேர வேண்டிய இடம் ஆய்வு வினா. இந்தப் பதில் முழுவதிலும் நான் சொல்ல வருவது இது ஒன்றைத்தான்.

இதற்கு இன்னும் நெருக்கமான ஒரு காட்சி உண்டு. 1990-களில் ஹென்றி ஹண்டிங்டன் என்ற ஆய்வாளர் அலாஸ்காவின் கடலோர ஊர்களில் பெலூகா எனப்படும் வெள்ளைத் திமிங்கிலங்களைப் பற்றி முதியவர்களிடம் கேட்டறிந்தார். மேசைமேல் வரைபடத்தை விரித்துப் பேச்சைத் தொடங்கி வைப்பார். எழுதி வைத்த வினாப்பட்டியலை வரிசையாகக் கேட்காமல், அவர்கள் போக்கில் பேசவிடுவார். ஒரு கூட்டத்தில் பேச்சு பெலூகாவை விட்டு விலகி நீர்நாய்போல் ஆற்றோரம் வாழும் பீவர்களின் பக்கம் போயிற்று. பீவர்கள் பெருகிவிட்டன, எங்கெங்கே அணை கட்டியிருக்கின்றன என்று முதியவர்கள் விரிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளருக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சைத் திருப்பிவிடலாமா என்ற எண்ணம் யாருக்கும் வரும் இடம் அது. பொறுமையாக இருந்து பிறகு தொடர்பைக் கேட்டபோது விடை தெளிவாக இருந்தது: பீவர்கள் ஓடைகளை அடைத்தால் மீன்கள் முட்டையிட மேலே போக முடியாது, மீன் குறைந்தால் அதைத் தின்னும் பெலூகா அந்தக் கரைக்கு வராது. வினாப்பட்டியலில் பீவர் என்ற சொல்லே இருந்திருக்காது. பட்டியலோடு போயிருந்தால் அந்த அறிவு வெளியே வந்திருக்கவும் முடியாது.

கனடாவின் கிழக்கில், கேப் பிரெட்டன் தீவைச் சேர்ந்த மிக்மாக் முதியவர்களான அல்பர்ட் மார்ஷலும் முர்டினா மார்ஷலும் 2004-இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள். அவர்கள் மொழியில் அது எட்டுவாப்டும்முக். இரு கண்ணால் பார்த்தல் என்று தமிழில் சொல்லலாம். ஒரு கண்ணால் தொல்குடி அறிவின் வலிமையையும், மற்றொரு கண்ணால் மேற்கத்திய அறிவின் வலிமையையும் கண்டு, இரு கண்களையும் அனைவரின் நன்மைக்காகச் சேர்த்துப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது என்பது அதன் பொருள். கேப் பிரெட்டன் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் செரில் பார்ட்லெட்டோடு சேர்ந்து இதை ஒரு பாடத்திட்டத்தின் வழியாக வளர்த்தெடுத்தார்கள். இந்த உருவகத்தில் எனக்குப் பிடித்தது, இரு கண்களில் எதுவும் மற்றொன்றைச் சோதிப்பதில்லை என்பதுதான். இரண்டும் சற்றே வேறு கோணத்தில் பார்ப்பதால்தான் ஆழம் தெரிகிறது. கலத்தல், இணைத்தல், உட்சேர்த்தல் என்ற சொற்களை ஆய்வுத் திட்டங்களில் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். கலக்கும்போது எளியது வலியதற்குள் கரைந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறோம்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மரபறிவைச் சரிபார்க்க வேண்டுமா? மரபறிவுக்குச் சோதனையே கிடையாது என்பதுபோல் இந்தக் கேள்வி அமைந்திருக்கிறது. ஆர்க்டிக் பகுதியில் கடற்பனிமேல் நடக்கும் வேட்டைக்காரர் தமக்கு முன்னால் உள்ள பனியை ஈட்டியால் குத்திப் பார்த்து, அது கொடுக்கும் எதிர்ப்பையும் நிறத்தையும் கவனித்து அடி வைக்கிறார். தவறான அறிவு அங்கே அன்றே தண்டிக்கப்படும். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு, நிலம் பலமாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்ற செய்தி 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குக் கடத்தப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவின் ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். இந்த அறிவு வேறு யாருடைய சான்றிதழுக்கும் காத்திருக்கவில்லை.

ஆனால் மரபறிவு சொல்வதையெல்லாம் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அப்படிச் சொல்வது அந்த மக்களுக்கே மரியாதைக் குறைவு. அவர்கள் தங்களுக்குள் வாதிடுகிறார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கிறார், யார் எதைப் பற்றிச் சொல்லத் தகுந்தவர் என்பதில் மிகக் கண்டிப்பாக இருக்கிறார்கள். கனடாவின் வடக்கில் உள்ள இன்யூட் முதியவர்கள், அண்மைக் காலத்து வானிலையைக் குறிக்க உக்கியனக்டுக் என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். எதிர்பாராத வகையில், பழக்கமில்லாத விதத்தில் நடந்துகொள்வது என்பது அதன் பொருள்; நன்றாகத் தெரிந்த நண்பர் திடீரென்று வேறு மாதிரி நடப்பதைப்போல. தங்கள் முன்னறிகுறிகள் பொய்த்துப்போகின்றன என்பதை முதலில் கண்டறிந்து சொன்னவர்களும் அவர்களே. தன் அறிவின் எல்லையைத் தானே உணர்ந்து சொல்லும் மரபு அது.

சரிபார்த்தல் என்ற சொல்லுக்குப் பதிலாக, ஒன்றையொன்று சாராத இரு சான்றுகளை அருகருகே வைத்தல் என்று எண்ணிப் பாருங்கள். இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் இருக்கிறது. வன்கூவர் தீவின் பச்சேனா விரிகுடாவில் இருந்த ஊர் ஒன்று, ஓர் இரவில் நிலம் குலுங்கியபின் வந்த பேரலையில் மக்களோடு அழிந்துபோனதாகவும், மேட்டில் வாழ்ந்தவர்கள் தப்பியதாகவும் ஹு-ஏ-ஆட் மக்களிடையே வாய்மொழி வரலாறு உண்டு. அந்தக் கரையில் மாபெரும் நிலநடுக்கங்கள் நேரும் என்று நிலவியலாளர்கள் அப்போது கருதவில்லை. 1980-களின் நடுவில்தான் வாஷிங்டன் மாநிலக் கரையோரச் சதுப்புகளில், திடீரென்று தாழ்ந்துபோன மண்ணும் அதன்மேல் படிந்த கடல்மணலும், உப்புநீரில் நின்றபடியே பட்டுப்போன சீடர் என்ற ஊசியிலை மரக் காடுகளும் கவனிக்கப்பட்டன. மர வளையங்கள், அந்த மரங்கள் 1699-இன் வளர்ச்சிப் பருவம் முடிந்து, அடுத்த பருவம் தொடங்கும் முன் இறந்ததைக் காட்டின. கடலின் மறுகரையில், ஜப்பானிய ஊர்ப் பதிவேடுகள் முன்னே நிலநடுக்கம் எதுவும் உணரப்படாமல் வந்த ஒரு பேரலையைக் குறித்து வைத்திருந்தன. அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டபோது கிடைத்தது 1700 ஜனவரி 26, இரவு ஏறத்தாழ 9 மணி. கதையும் இரவு என்றுதான் சொல்கிறது.

இந்த எடுத்துக்காட்டில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஆய்வு மாணவருக்கு அது மிகவும் முக்கியம். அந்த வாய்மொழி வரலாறு எழுத்தில் பதிவானது 1964-இல். அதாவது, நிலவியல் முடிவு வெளியாவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் முன்பு. அறிவியல் முடிவைக் கேட்ட பிறகு கதை அதற்கேற்ப வளைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இப்படி அமையாத இடங்களில் ஆபத்து இருபுறமும் உண்டு. விடை தெரிந்த பிறகு பழங்கதைகளில் அதைத் தேடினால் எதையும் கண்டுபிடித்துவிடலாம். அதேபோல், கதை தெரிந்த பிறகு தரவில் அதைத் தேடினாலும் கிடைத்துவிடும். ஆகவே முதியவர் சொன்னது எந்த நாளில், யாரிடம், எந்தக் கேள்விக்கு விடையாகப் பதிவானது என்பதை, ஒரு மாதிரியின் சேகரிப்பு விவரத்தைக் குறிப்பதைப் போலவே குறித்து வையுங்கள். தரவைப் பகுப்பாய்வு செய்யும் முன்பே நேர்காணல்களை முடித்து, அவற்றைத் திருத்தாமல் பூட்டி வைக்க முடியுமானால் இன்னும் நல்லது.

அறிவு வாக்கிய வடிவில்தான் இருக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வட ஆஸ்திரேலியாவில் கரும்பருந்து உள்ளிட்ட மூன்று வகைக் கொன்றுண்ணிப் பறவைகள், எரியும் குச்சிகளைத் தூக்கிச் சென்று புதிய இடத்தில் போட்டுத் தீயைப் பரப்பி, அங்கிருந்து ஓடிவரும் சிற்றுயிர்களைப் பிடிக்கின்றன என்பது அங்குள்ள தொல்குடி மக்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். அது அவர்களின் சடங்கு ஆட்டங்களிலேயே நிகழ்த்திக் காட்டப்படுகிறது. இதைத் தொகுத்த ஆய்வுக்கட்டுரை 2017-இல்தான் வந்தது. ஆட்டத்தைப் பண்பாட்டுத் துறைக்கும், பறவையைப் பறவையியல் துறைக்கும் பிரித்துக் கொடுக்கும் நம் பல்கலைக்கழக அமைப்பில் இந்தச் செய்தி எந்தத் துறையின் கண்ணிலும் படாமல் இருந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது கேள்வி, முரண்பட்டால் என்ன செய்வது. முதலில் இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று பார்க்க வேண்டும். கனடாவின் நுனாவுட் பகுதியில் பனிக்கரடிகள் பெருகிவிட்டன என்று இன்யூட் மக்களும், சில கூட்டங்களில் குறைகின்றன என்று உயிரியலாளர்களும் சொல்லி நீண்ட காலமாக விவாதம் நடக்கிறது. ஒருவர் ஊரைச் சுற்றி ஆண்டு முழுவதும் காண்பதைச் சொல்கிறார். மற்றவர் ஒரு பெரும்பரப்பில் சில வாரங்கள் எடுத்த மாதிரியிலிருந்து கணிக்கிறார். கடற்பனி சுருங்குவதால் கரடிகள் கரைக்கு நெருங்கி வருகின்றன என்பது ஒரு விளக்கம். ஆனால் அந்த விளக்கத்தையே எல்லா இடத்துக்கும் பொருத்தி, மக்கள் கண்டதை மாயை என்று ஒதுக்கும் பழக்கமும் உண்டு, அது முறையன்று. இந்த விவாதத்தில் எண்ணிக்கையைவிட ஆழமான மற்றொன்று வெளிப்பட்டது. கரடியை மயக்க ஊசியால் வீழ்த்திக் கழுத்துப்பட்டை மாட்டுவது விலங்குக்குச் செய்யும் அவமதிப்பு என்று இன்யூட் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பும் சேர்ந்துதான், வானிலிருந்து எண்ணுதல், சிறு அம்பினால் துளித் திசுவை மட்டும் எடுத்து மரபணுவால் அடையாளம் காணுதல் போன்ற, விலங்கைப் பிடிக்காத முறைகளை நோக்கி ஆய்வை நகர்த்தியது. முரண்பாடு தீராத இடத்தில்கூட முறை திருந்தியது. தீராத முரண்பாட்டை என்ன செய்வது என்று கேட்டால், இரண்டையும் அவரவர் பெயரில், அவரவர் காரணங்களோடு கட்டுரையில் அப்படியே பதிவு செய்யுங்கள் என்பேன். சராசரி எடுத்து எழுதும் கட்டுரையில் இருவர் அறிவுமே இராது.

மூன்றாவது கேள்விக்குப் போகும் முன், இந்தத் துறை சுமந்து நிற்கும் பழைய கடனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் கலகாரிப் பகுதியில் வாழும் சான் மக்கள், நீண்ட வேட்டைப் பயணங்களில் பசியைத் தாங்குவதற்காக ஹூடியா என்ற சதைப்பற்றுள்ள செடியின் தண்டை மென்று வந்தார்கள். அந்நாட்டு அரசின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் அதன் பசியடக்கும் வேதிப்பொருளுக்கு 1990-களின் நடுவில் காப்புரிமை கோரி, பன்னாட்டு மருந்து நிறுவனங்களுக்கு உரிமம் சென்றது வரை சான் மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விவகாரம் வெளியான பிறகே, 2003-இல், உரிமத்தொகையாக மன்றம் பெறுவதில் 6 சதவீதம் அவர்களுக்கு என்ற பயன் பகிர்வு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மருந்து சந்தைக்கு வரவேயில்லை என்பதால் பெரும்பணமும் வரவில்லை.

அமெரிக்காவின் பெருங்கல்லிடுக்குக்குள், அதாவது கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள், வாழும் ஹவாசுபாய் மக்கள், தங்களிடையே பெருகிய நீரிழிவு நோய்க்குக் காரணம் காண 1990-இல் குருதி கொடுத்தார்கள். அந்தக் குருதி பிறகு மனச்சிதைவு நோய், இனத்தின் பூர்விகம் போன்ற, அவர்கள் இசையாத ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. எங்கிருந்தோ குடியேறி வந்தவர்கள் என்ற முடிவு, தாங்கள் அந்தக் கல்லிடுக்கிலேயே தோன்றியவர்கள் என்ற அவர்களின் நம்பிக்கையையும், நிலத்தின் மீதான அவர்களின் உரிமையையும் ஒருசேரத் தொட்டது. வழக்கு 2010-இல் சமரசத்தில் முடிந்து, 7 லட்சம் டாலரோடு எஞ்சிய குருதி மாதிரிகளும் அவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. மாதிரிக் குப்பிகளைப் பெற்றுக்கொண்டு அழுதபடி நின்ற அந்த மக்களை எண்ணாமல், இசைவுப் படிவம் என்ற தாளை நான் இப்போது பார்ப்பதில்லை. ஒரு தனிநபரின் கையெழுத்து ஒரு மக்கள் கூட்டத்தின் இசைவாகாது; ஓர் ஆய்வுக்குக் கொடுத்த இசைவு மற்றோர் ஆய்வுக்குச் செல்லாது.

இந்த அனுபவங்களிலிருந்துதான் இன்றைய நெறிகள் பிறந்தன. கனடாவின் முதற்குடி மக்கள் 1998-இல், தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் ஆகிய நான்கும் தங்களுக்கே என்ற கொள்கையை வகுத்தார்கள். 2007-இன் ஐ.நா. தொல்குடி உரிமைப் பிரகடனத்தின் 31-ஆம் பிரிவு, மரபறிவைப் பேணவும் கட்டுப்படுத்தவும் காக்கவும் அம்மக்களுக்கு உள்ள உரிமையைச் சொல்கிறது. சான் மக்கள் 2017-இல் தங்களுக்கென்று ஓர் ஆய்வு நெறித்தொகுப்பை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்ற எளிய சொற்களால் அமைந்த அதை ஆய்வுநெறிக் குழுக்களில் அமர்வோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 2024 மே மாதத்தில் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் நிறைவேறிய உடன்படிக்கை, மரபணு வளத்தையோ அதைச் சார்ந்த மரபறிவையோ அடிப்படையாகக் கொண்ட காப்புரிமை விண்ணப்பங்களில் அதன் தோற்றுவாயைத் தெரிவிக்க வேண்டும் என்று கோருகிறது. இவையெல்லாம் தேவையான வேலிகள். ஆனால் வேலி போட்டாலே பயிர் விளைந்துவிடாது.

விளைந்த இடம் ஒன்றையும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்ன்ஹம் நிலத்தில், தொல்குடி மக்கள் 20-ஆம் நூற்றாண்டில் தங்கள் நிலத்தை விட்டு அகன்ற பிறகு, வறண்ட பருவத்தின் கடைசியில் பெருந்தீ கட்டுக்கடங்காமல் எரியத் தொடங்கியது. முதியவர்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது: பருவத்தின் தொடக்கத்தில், புல் பாதி ஈரமாக இருக்கும்போது, சிறுசிறு திட்டுகளாகத் தீ வைக்கும் ஆட்கள் அங்கே இல்லை. அறிவியலாளர்கள் அளந்தது வேறொன்றை: முன்பருவத் தீயிலிருந்தும் பின்பருவத் தீயிலிருந்தும் வெளியாகும் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகியவற்றின் வேறுபாட்டை. எங்கே, எப்போது, எந்தக் காற்றில் தீ வைப்பது என்பதை எந்தக் கருவியும் சொல்லவில்லை. எவ்வளவு வாயு குறைந்தது என்பதை எந்த முதியவரும் சொல்லவில்லை. 2006-இல் 28,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் தொடங்கிய அந்தத் திட்டம், ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வைக் குறைப்பதை இலக்காகக் கொண்டு, அதற்கான தொகையைத் தொல்குடி நிலக்காவலர்களின் ஊதியமாக மாற்றியது. மக்கள் தங்கள் நிலத்துக்குத் திரும்பினார்கள். முதியவர்களோடு நடந்து பிள்ளைகள் தீ வைக்கக் கற்றார்கள். மரபறிவு ஆவணத்தில் அடைக்கப்படாமல் வேலையாக நீடித்ததால்தான் அது உயிரோடு இருந்தது.

இனி நடைமுறை. ஆய்வு முன்மொழிவை எழுதி முடித்துவிட்டு, "ஊர் மக்களின் பங்கேற்பு" என்று ஒரு பத்தியைச் சேர்க்காதீர்கள். நான் படித்த ஒரு வரைவில் ஆளில்லா வானூர்திக்கும் செயற்கைக்கோள் படங்களுக்கும் விரிவான செலவுத் திட்டம் இருந்தது. முதியவர்களோடு மூன்று நாள் நேர்காணல், அதற்குச் சிற்றுண்டிச் செலவு மட்டும். அந்த மூன்று நாட்களில் கிடைப்பது, முன்பின் அறியாதவருக்கு அவர்கள் மரியாதைக்காகச் சொல்லும் பொதுச்செய்திதான். முதல் ஆண்டை வினாவை உருவாக்குவதற்கென்றே ஒதுக்குங்கள். அந்த மக்களின் அமைப்போ மன்றமோ இருந்தால், இன்னும் எதுவும் முடிவாகாத நிலையில் அவர்களிடம் போய், அவர்களுக்கு எது தெரிய வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதையும் ஒரு முடிவாக ஏற்கும் மனத்தோடு போங்கள். மேற்பார்வையாளரிடம் இந்த ஓராண்டைப் பற்றி இப்போதே பேசிவிடுவது நல்லது. உதவித்தொகையின் கால அட்டவணை இதற்கு இடம் தராத சூழல்தான் மிகுதி, அதோடு போராடுவதும் இந்த வகை ஆய்வின் பகுதியே.

முதியவர்களுக்கும் மொழிபெயர்ப்போருக்கும் வல்லுநர்களுக்குரிய ஊதியம் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் அவசரம் கூடாது. பனிக்கோ காற்றுக்கோ அவர்களிடம் உள்ள சொல் நம் அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் அடங்காவிட்டால், சொல்லை வெட்டாமல் அட்டவணையை மாற்றுங்கள். அறைக்குள் கேட்பதைவிட அவர்களோடு நடந்தபடி கேளுங்கள். இடம்தான் பலருக்கும் நினைவைத் திறக்கிறது. எது பதிவாகலாம், எது பதிவாகக் கூடாது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் கேளுங்கள். புனித இடங்கள், சடங்கு சார்ந்த செய்திகள், பெண்களுக்கு மட்டும் அல்லது ஆண்களுக்கு மட்டும் உரியவை ஆகியவற்றை நீங்கள் அறிய நேர்ந்தாலும் எழுத உரிமையில்லை. திறந்த தரவு வேண்டும் என்று ஆய்விதழ் கேட்டால், ஊர் மன்றத்தின் தீர்மானத்தைக் காட்டி மறுக்கலாம். இப்போது பல இதழ்கள் அதை ஏற்கின்றன.

ஆசிரியர் பெயர் வரிசையையும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். நன்றியுரையில் "தகவலாளர்கள்" என்று கூட்டாக ஒரு வரி எழுதிய காலம் போய்விட்டது. வினாவை வடிவமைத்தவர், பொருள் விளக்கியவர் இணை ஆசிரியரே. ஆஸ்திரேலியாவின் சில ஆய்வுக் குழுக்கள் இன்னும் ஒரு படி சென்று, பவாகா நாடு, மர்ட்டுவரா ஆறு என்று நிலத்தையும் நதியையுமே ஆசிரியராகக் குறிக்கின்றன. எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறிவு எங்கிருந்து வருகிறது என்று அந்த மக்கள் கருதுகிறார்களோ அதை அவர்கள் முறையிலேயே குறிக்க முனையும் அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆய்வேட்டின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஆய்விதழுக்கு அனுப்பும் முன்பு, அவர்கள் மொழியில், வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அதற்கு ஒரு முழுப் பயணம் தேவைப்படும். செலவுத் திட்டத்தில் அதை இப்போதே சேர்த்துவிடுங்கள். ஒலிப்பதிவுகளின் மூலப்படிகளை அவர்கள் காப்பகத்தில் ஒப்படைத்து, உங்களிடம் இருக்கும் படியை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம், பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பயணத்துக்கு ஒலிப்பதிவுக் கருவியையே எடுத்துப் போகாமல் இருக்க முடிந்தால், அப்படியே போங்கள்.